மிதுனம் முப்பத்திரண்டாம் தேதி மழை

ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, கட்டுரை எழுதி அச்சேற்றுவது எப்படி, கையில் சேர்த்து வைத்திருக்கும் எண்களை என்ன செய்வது என்றெல்லாம் கேட்கிறார்கள். பார்த்தால் விவரம் தெரிந்தவன் மாதிரி இருக்கிறேன் போலும். வழக்கமான நாலைந்து விஷயங்களைச் சொல்லி அனுப்பிவிடுவேன். தாளில் மார்ஜின் விட்டு எழுது, படத்தை இந்தியன் இங்கில் போடு, கார்பன் காப்பி எடுக்காமல் எதையும் தபாலில் சேர்க்காதே. இவை ஒன்றும் பொய்யில்லை. ஆனால் என் முதல் கட்டுரையில் நான் செய்த காரியத்தை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலை. ஸ்ரீவராகத்தில் வீடு. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அப்போது எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஸ்பிரிட் விளக்கு' என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும்.

எங்கள் புரொபசர் தஞ்சாவூர்க்காரர். நல்லவர்தான், ஆனால் எதையும் ஆபீஸ் ஃபைல் மாதிரிதான் பார்ப்பார். ஒருநாள் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"என்ன ஓய், பேப்பர் ஒண்ணையும் காணுமே? உம்மைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி மேலே எழுதறதுக்கு என் கையில ஏதாவது இருக்கணுமோ இல்லையோ?"

எழுதுவதற்கு எனக்கு ஒரு விஷயம் இருந்தது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கிழக்கே மலை தெரியும். மலை கறுத்தால் ஊரில் மழை எப்போது வரும்? இதைப் பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். பால் கொண்டுவருகிறவர் அன்று சாயங்காலமே என்பார். பூக்காரி மறுநாள்தான் என்று அடித்துச் சொல்வாள். எங்கள் கல்லூரியில் ஒரு வக்கீலின் பிள்ளை, மலை மழைக்கும் ஊர் மழைக்கும் சம்பந்தமே கிடையாது என்றான். ஒருவராவது அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஊரில் அரசாங்கத்தார் தினமும் மழை அளந்து வைத்திருந்தார்கள். மலையில் யார் அளக்கிறார்கள் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழைக் கணக்கு இருப்பதாகத் தெரிந்ததும், லீவு விட்ட மறுநாளே வித்துரா பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அதற்கு மேல் தோட்டத்து லாரி. தோட்டத்தின் மானேஜர் வெள்ளைக்காரத் துரை. அவர் என்னை நிற்கவைத்தே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கணக்கெழுதும் ஆபீஸ் ரைட்டரிடம் அனுப்பினார்.

ரைட்டருக்கு நாற்பது வயதிருக்கும். தெற்கே விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தினமும் காலையில் எட்டு மணிக்குக் குடையோடு போய் மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கும் குப்பியின் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணை அதற்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்து, எத்தனை இஞ்ச், எத்தனை சென்ட் (இஞ்சில் நூற்றில் ஒரு பங்கு) என்று நீள நோட்டில் எழுதுவார். மாதத்துக்கு ஒரு பக்கம். பல வருஷத்து நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. தோட்டத்துக்கு அந்தக் கணக்கால் பெரிய பிரயோஜனம் ஒன்றுமில்லை. எப்போதோ ஒரு மானேஜர் எழுதச் சொன்னார், இவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே வந்திருந்தார். அவர் எழுத்தை இப்போது நினைத்தாலும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

துரை நோட்டுகளை எனக்கு இரவல் கொடுக்கச் சம்மதித்தார். ரைட்டர் அவற்றை மெழுகுத் துணியில் கட்டி என் கையில் கொடுக்கும்போது, "நனையாம பாத்துக்கிடுங்க சாறே" என்றார். லாரி வரை கூடவே வந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இது அச்சில வருமா சாறே? எங்க தோட்டத்து மழை?"

"வரும். உங்கள் பேரும் வரும்."

"ஐயோ, பேரு எதுக்கு? மழை வந்தாப் போரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இனி என் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். ஊர் மழைக் கணக்கு இங்கிலீஷ் தேதியில் இருந்தது. ரைட்டருடையது கொல்லம் ஆண்டில், மலையாள மாதத்தில் இருந்தது. திருவிதாங்கூர் சர்க்கார் காகிதங்களில் வழக்கம் அதுதான், அவரும் அப்படியே எழுதியிருந்தார். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் மலையாளத் தேதியை இங்கிலீஷ் தேதியாக மாற்றவேண்டும். அது ஒரு வேலையா? மிதுனம் என்றால் ஆனி, கர்க்கடகம் என்றால் ஆடி. எங்கள் வீட்டில் வருஷந்தோறும் திருநெல்வேலியிலிருந்து தபாலில் பஞ்சாங்கம் வரும். பழையதை அப்பா எறிந்ததே இல்லை, பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதில் ஆடி ஐந்துக்கு எதிரே என்ன இங்கிலீஷ் தேதி போட்டிருக்கிறதோ, அதுதான் கர்க்கடகம் ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் மனைவி நோட்டைப் பார்த்துப் படிப்பாள், நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாற்றி எழுதுவேன். என் தாளில் இங்கிலீஷ் தேதி மட்டும்தான் இருந்தது. மலையாளத் தேதியை ஏற்றவேயில்லை. இடம் மிச்சமாகும் என்று நினைத்தேன். நோட்டுகளையும் சொன்ன கெடுவுக்குள் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்று என்னிடம் வருகிற பிள்ளை யாராவது இதைச் செய்தால் காதைத் திருகிவிடுவேன்.

முதலில் ஒரு வருஷத்துக் கர்க்கடக மாதத்தை எடுத்துக் கிராஃப் தாளில் வரைந்தேன். மலைக்குச் சிவப்பு, ஊருக்கு நீலம். வரைந்து முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையில் பெரிய மழை பெய்த ஒவ்வொரு தடவையும், சரியாக மறுநாள் ஊரில் பெரிய மழை. மாதம் முழுவதும் அப்படியே. சிவப்பும் நீலமும் ஒருநாள் இடைவெளியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. பூக்காரி ஜெயித்துவிட்டாள். அப்படியானால் மலையில் அளந்து ஒரு தந்தி கொடுத்தால், நாளை மழை வரும் என்று ஊரில் இன்றே சொல்லிவிடலாமே!

ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கும் உடனே ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்துவிட்டேன். மேகம் மலைமேல் ஒருநாள் தங்கி, குளிர்ந்து, பிறகு ஊருக்கு இறங்குகிறது. என் மனைவியிடம் அரைமணி நேரம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த தாளை நகர்த்தினாள்.

"ஆவணியிலே அந்த மேகம் எங்கே தங்கித்து?"

ஆவணியில் சிவப்பும் நீலமும் ஒரே நாளில் எழுந்து ஒரே நாளில் விழுந்துகொண்டிருந்தன. அடுத்தடுத்த மாதங்களும் அப்படித்தான். அடுத்த வருஷத்துக் கர்க்கடகத்தைப் பார்த்தேன். அதிலும் ஒரே நாள். பால்காரர் ஜெயித்துக்கொண்டிருந்தார். எல்லா வருஷங்களையும் வரைந்து முடித்தபோது, பெரும்பாலான மாதங்களில் மலையிலும் ஊரிலும் ஒரே நாளில் மழை என்று ஆகிவிட்டது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மாதங்களில் மட்டும் மலை ஒருநாள் முந்திக்கொண்டது. ஒரு வருஷம் கர்க்கடகம், இன்னொரு வருஷம் துலாம், வேறொரு வருஷம் கும்பம். தலையும் இல்லை, வாலும் இல்லை. மழைமானி படிக்கும் நேரத்தில் வித்தியாசமோ என்று விசாரித்தேன். இரண்டு இடத்திலும் காலை எட்டு மணிதான். காற்று வீசும் திசையைத் தேடினேன். அமாவாசை, பௌர்ணமியைக்கூட வைத்துப் பார்த்தேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாட்களில் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் எனக்கு அந்தச் சில மாதங்களின் ஞாபகம்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் குழம்பிக் கிடந்ததில்லை என்றே சொல்லவேண்டும்.

முந்திக்கொண்ட மாதங்களுக்கு என் மனைவி பெரிய தாளில் செந்நிறப் பென்சிலால் கட்டம் கட்டினாள். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏன்னா, மழைக்கு மாசப் பிறப்பு தெரியுமோ?"

"என்ன உளறறே?"

"இல்லே, இந்தத் தப்பு ஒண்ணாந் தேதி ஆரம்பிச்சு, மாசக் கடைசியிலே சரியா நின்னு போறதே. மழை அப்படிப் பஞ்சாங்கம் பாத்துண்டா பெய்யும்?"

அவள் சொன்னது சரி. பளிச்சென்று எனக்கு விடை கிடைத்துவிட்டது. மழைக்கு மாசப் பிறப்பு தெரியாது, ரைட்டருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர் அவர். அன்றன்றைக்கு அளந்து எழுதியிருந்தால் ஒருநாள் இரண்டுநாள் தப்பும், மாதம் முழுவதும் எப்படித் தப்பும்? அந்த மாதங்களில் மனிதர் மழைமானிப் பக்கமே போகாமல், மாதம் முடிந்தபின் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஒரு பக்கத்தை நிரப்பியிருக்கிறார்!

அதற்கு இன்னொரு சாட்சியும் என்னிடம் இருந்தது. நோட்டுகள் கையில் இருந்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்துச் சிரித்திருந்தோம். சில இடங்களில் ரைட்டர் இல்லாத தேதியை எழுதியிருந்தார். ஒரு வருஷம் ஆனிக்கு முப்பத்தொரு நாள் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. இவர் மிதுனம் முப்பத்திரண்டு என்று எழுதி, அதற்கு நேரே கனத்த மழை ஒன்றையும் இஞ்ச், சென்ட் கணக்கோடு போட்டிருந்தார். இல்லாத நாளில் பெய்த மழையை எங்கே வைப்பது? என் தாளில் அதை ஏற்றாமலே விட்டுவிட்டேன். அந்த மாதிரி நாள் ஒவ்வொன்றும் செந்நிறக் கட்டத்துக்கு முந்தின மாதத்தின் கடைசியில்தான் இருந்தது. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் முடிச்சு அங்கேயே அவிழ்ந்திருக்கும். எனக்கோ கோபம் வந்துவிட்டது. என் அழகான மேகச் சித்தாந்தத்தைக் கெடுத்தவன் இந்த ஆள்தான் என்று நினைத்தேன்.

"பாவம், அவர் எழுத்தைப் பாத்தா ஏமாத்தறவர் மாதிரி இல்லையே" என்றாள் என் மனைவி.

"எழுத்து அழகா இருந்தா எண்ணும் சரியாயிடுமோ?" என்றேன். அந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

புரொபசரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மலையிலயும் ஊர்லயும் ஒரே நாள்ல மழை. நல்ல ரிசல்ட்தான். ஒத்து வராத மாசத்தையெல்லாம் எடுத்துடும். ஏன் எடுத்தோம்னு ஒரு வரி எழுதிடும், போறும்."

அந்த ஒரு வரியை நான் எழுதினேன். 'ஊர் மழைக்கு ஒருநாள் முந்தி நிற்கும் கீழ்க்கண்ட மாதங்களின் அளவுகள் அன்றன்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்று கருத இடமிருப்பதால் அவை நீக்கப்பட்டன.' அதன் கீழே மாதங்களின் பட்டியல். அடிக்குறிப்பாக, நாட்காட்டியிலேயே இல்லாத தேதிகளுக்கும் மழை எழுதப்பட்டிருப்பதை வாசகர் கவனிக்கலாம் என்று சேர்த்தேன். இங்கிலீஷில் அது இன்னும் மிடுக்காக இருந்தது. டைப் அடித்து வந்ததும் நான் அதை மூன்று முறை படித்து ரசித்தேன்.

வடக்கே அச்சாகும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நோட்டு கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்யவேண்டாமா என்று, கார்பன் காப்பி ஒன்றை நன்றிக் கடிதத்தோடு தோட்டத்து மானேஜருக்கும் அனுப்பிவைத்தேன். ரைட்டர் மழை அளப்பதில்லை, அளந்ததாக எழுதுகிறார் என்று அவருடைய எஜமானுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதும், அது அந்த மனிதர் வேலைக்கே உலைவைக்கும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு என் கட்டுரைதான் கண்ணில் நின்றது.

கோடை லீவு முடிந்து கல்லூரி திறந்த சில நாளில் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், அடுத்த இதழில் வரும். வீட்டில் அன்று பால் பாயசம். புரொபசர் என் முதுகில் தட்டினார்.

ஆடி பிறந்தது. எங்கள் வீட்டில் மாசப் பிறப்பன்று தர்ப்பணம் உண்டு. காலையில் வாத்தியார் வந்து செய்துவைத்துவிட்டுப் போனார். தர்ப்பை, எள்ளு எல்லாம் எடுத்துவைத்து முடியத் தாமதமாகிவிட்டதால், சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கல்லூரிக்கு ஓடினேன். வாசலில் அறிவிப்புப் பலகை. அதில் தினமும் கொல்லம் தேதியையும் இங்கிலீஷ் தேதியையும் எழுதுவது அட்டெண்டர் வேலை. அன்று எழுதியிருந்தது, மிதுனம் முப்பத்திரண்டு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னய்யா இது? மாசமே பிறந்தாச்சு. இல்லாத தேதியை எழுதி வச்சிருக்கீரே? கண் தெரியலையா?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன்.

அட்டெண்டர் பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னைக்கு மிதுனம் முப்பத்திரெண்டு அல்லே சாரே? கர்க்கடகம் ஒண்ணு நாளைக்காக்கும். இன்னைக்கு சங்கராந்தி, கர்க்கடகத்துக்கு முன்னாடி வீட்டைத் தூத்து வாரிட்டாக்கும் நான் வந்தது" என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்து, "ஓ, சாருக்கு இன்னைக்கே பிறந்தோ? உங்க ஆளுகளுக்கு சிலப்போ ஒருநாள் முன்னாடி வருமே" என்று சிரித்தார்.

வருமே! இது எனக்குத் தெரியாத விஷயமா? சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். சூரியன் அடுத்த ராசிக்குப் போகிற நேரத்தை வைத்துத்தான் இரண்டு பேருக்கும் மாதம் பிறக்கிறது. சாயங்காலம் அஸ்தமிப்பதற்குள் போனால் அன்றே ஒன்றாம் தேதி என்பது எங்கள் பஞ்சாங்கம். மத்தியானம் தாண்டிப் போனால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி என்பது மலையாளக் கணக்கு. மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே அது நிகழ்கிற மாதங்களில் நாங்கள் ஒருநாள் முந்திக்கொள்வோம். எங்களுக்கு ஒருநாள் விசேஷம், அடுத்த தெருவில் மறுநாள் என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறோம். அதெல்லாம் பண்டிகை விஷயம் என்று மனசில் ஒரு மூலையில் கிடந்தது. மழைக் கணக்கு விஞ்ஞானம் ஆயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

அன்று ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பஞ்சாங்கங்களை இறக்கினேன். செந்நிறக் கட்டம் போட்ட மாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சங்கராந்தி எந்த நாழிகையில் என்று பார்த்தோம். என் மனைவி படிக்கப் படிக்க நான் குறித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் மத்தியானத்துக்கு மேல், அஸ்தமனத்துக்கு முன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ரைட்டர் ஒருநாள்கூடத் தப்பாக எழுதியிருக்கவில்லை. என் மாற்றுக் கணக்குத்தான் அந்த மாதங்களில் மலை மழையை ஒருநாள் முன்னால் இழுத்துவிட்டிருந்தது. மிதுனம் முப்பத்திரண்டு இருந்த தேதிதான். அன்று மழையும் பெய்துதான் இருக்கிறது.

"அவர் எழுத்து..." என்று என் மனைவி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் புரொபசரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"முடிவு மாறுமா ஓய்?"

"மாறாது சார். அந்த மாசங்களும் சேர்ந்தா இன்னும் உறுதியாகும்."

"பின்னே என்ன? ஒரு வரிதானே. அடிக்குறிப்பை யார் படிக்கப் போறா? அச்சாகட்டும். அடுத்த பேப்பர்ல திருத்திக்கலாம். இப்போ வாபஸ் வாங்கினா இந்த வருஷம் உம்ம பேரை நான் எழுத முடியாது, பாத்துக்கும்."

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருந்தது என்று இன்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வேலை வேண்டியிருந்தது, அதுதான் இருந்தது. மூன்றாம் நாள் தோட்டத்து மானேஜரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டுரைக் காப்பி கிடைத்ததென்றும், ரைட்டரின் நாணயக் குறைவைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றும், நோட்டுகளை ஒழுங்குபடுத்த அவருக்கு ஒரு தவணை கொடுத்திருப்பதாகவும், அதற்குள் செய்யாவிட்டால் அவர் மலையைவிட்டு இறங்க வேண்டியதுதான் என்றும் எழுதியிருந்தார். படித்த உடனே தபாலாபீசுக்குப் போய், கட்டுரையை அச்சிட வேண்டாம் என்று பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். சனிக்கிழமை காலை வித்துரா பஸ்ஸில் ஏறினேன்.

மலையில் நல்ல மழை. லாரியிலிருந்து இறங்கி ஆபீசுக்குப் போவதற்குள் காலில் இரண்டு அட்டை. ரைட்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இல்லை. பரீட்சைத் தாளோடு வாத்தியார் முன்னால் நிற்கிறவரைப்போல நின்றார்.

"வாருங்க சாறே. சரியாக்கிப் போட்டேன். பாத்துச் சொல்லுங்க" என்று அலமாரியைத் திறந்து நோட்டுகளை எடுத்து வைத்தார்.

புது நோட்டுகள். அதே எழுத்து. நான் புரட்டினேன். பட்டியலில் நான் போட்டிருந்த மாதங்களிலெல்லாம் ஒவ்வொரு நாள் மழையையும் அடுத்த நாளுக்குத் தள்ளி எழுதியிருந்தார். மிதுனம் முப்பத்தொன்றோடு முடிந்திருந்தது, முப்பத்திரண்டின் மழையை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்.

"பழைய நோட்டு எங்கே?"

"ரெண்டு இருந்தா கொழப்பம் வருமின்னு, தேயிலை உலத்துற அடுப்பில போட்டாச்சு. துரைதான் சொன்னாரு."

உட்கார்ந்தேன். பஞ்சாங்கம், சங்கராந்தி, மத்தியானம், சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தப்பு, உங்கள் தப்பு இல்லை என்று சொன்னேன்.

"அப்போ முப்பத்திரண்டு சரிதானா சாறே?"

"சரிதான்."

"நான் முதல்ல எழுதினது எல்லாம் சரிதானா?"

"எல்லாம் சரி. உங்களுக்குத் தெரியாதா? தினமும் நீங்கள்தானே போய்ப் பார்த்தீர்கள்?"

அவர் புது நோட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"போனேன் சாறே. மழையில நனைஞ்சு போய்ப் பாத்தது ஓர்மை உண்டு. ஆனா நீங்க படிச்சவரு, பஞ்சாங்கம் பாத்து எழுதியிருக்கீய. எனக்கு வேதக்காரனுக்கு பஞ்சாங்கம் எங்க தெரியும்? படிச்சவங்க பாக்கேல்லன்னு சொன்னா, நாம பாக்கேல்லயோ, பாத்ததாட்டு நெனச்சுக்கிட்டோமோன்னு தோணிப்போச்சு."

அப்போது எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதேன். அவர் பதறிப்போய் எனக்குத் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

துரையிடம் அன்றே போய்ச் சொன்னேன், எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் வேலைக்கு ஆபத்து நீங்கியது. வீட்டில் இருந்த என் தாள்களை வைத்து, தேதிகளைத் திரும்ப மாற்றி, எரிந்துபோன நோட்டுகளை மறுபடி எழுதினோம். நான் ஏற்றாமல் விட்ட அந்தச் சில கூடுதல் நாட்களின் மழையை மட்டும் மீட்க முடியவில்லை. அவருக்கும் ஞாபகம் இல்லை. அது இனி எங்கும் இல்லை.

அந்த வருஷம் எனக்கு வேலை உறுதியாகவில்லை. அடுத்த வருஷம் கட்டுரை அச்சாயிற்று. ரைட்டர் பெயரை என் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டேன். புரொபசருக்கு அது பிடிக்கவில்லை, ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அச்சான பிரதியை ரைட்டருக்கு அனுப்பி, இனி மாதாமாதம் மழைத் தாளை எனக்கு ஒரு நகல் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்.

முதல் தாள் வந்தது. அதே அழகான எழுத்து. ஒவ்வொரு நாளின் அளவுக்கும் பக்கத்தில் கறுப்பாக ஒரு கறை இருந்தது. மை சிந்திவிட்டது என்று நினைத்தேன். என் மனைவிதான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பெருவிரல் ரேகைன்னா" என்றாள்.

என்ன இது என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது: 'அய்யா அவர்களுக்கு வந்தனம். குப்பியில் தண்ணீர் இன்னவளவு என்று நான் ஒருவனாகப் பார்த்தால் எனக்கே இப்போது நிச்சயப்படவில்லை. ஆகையால் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாளையும் தினமும் கூப்பிட்டு, கண்ணாடியைக் காட்டி, அவர்கள் கையடையாளமும் வாங்கிக்கொள்ளுகிறேன்.'

அதற்கு அவசியமே இல்லை, உங்கள் கண் போதும், என்னைவிட நீங்கள்தான் சரியாகப் பார்த்தவர் என்று உடனே எழுதினேன். பிறகும் மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும், 'அய்யா சொல்லுகிறபடியே ஆகட்டும்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த மாதத் தாளைப் பிரித்தால், எல்லா நாளுக்கும் நேரே ரேகை இருக்கும்.